கடைசி இரண்டு நிமிஷம்

கேள்வி: டி.வி. பார்த்து என் ஐந்து வயதுப் பேரன் தங்கையைக் கிள்ளத்தான் கற்றுக்கொண்டான். நல்ல குணம் சொல்லித்தரும் நிகழ்ச்சியே கிடையாதா?
– ஒரு பாட்டி, நெருள், நவி மும்பை

பதில்: ஏன் இல்லை, பாட்டியம்மா? அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சி ‘செசமி ஸ்ட்ரீட்’டின் இந்தி வாரிசாக 2006-ல் ‘கலி கலி சிம் சிம்’ வந்ததே! பள்ளிச் சீருடைப் பொம்மை சம்கியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். பல கார்ட்டூன்களில் இருபது நிமிஷம் சண்டை, கடைசி இரண்டு நிமிஷம் சமாதானம். வாண்டுகளுக்குச் சண்டை மனப்பாடமாகிவிடும். சமாதானம் வருவதற்குள் பால் குடிக்கப் போய்விடுவார்கள்.

அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தார் ‘டேனியல் டைகர்’ என்ற புலிக்குட்டித் தொடரைச் சிறுவர்களுக்குப் போட்டு ஆராய்ந்தார்கள். டி.வி.யில் பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் பேசும் வீடுகளில்தான் பிள்ளைகளுக்குப் பிறர் மனம் புரிந்தது. ஆகவே பக்கத்தில் உட்காருங்கள். “அது ஏன்டா அழுதது? நீ என்ன பண்ணுவே?” என்று கேளுங்கள்.

எட்டு மணி சீரியல் போய்விடுமே என்கிறீர்களா? அதில் மாமியார் செய்வதையும் அவன்தானே உங்கள் மடியில் உட்கார்ந்து பார்க்கிறான்!