பாதரசம் பத்திரம்

தமிழ்நாட்டுக் கத்திரி வெயிலில் விதிப்படி நிழல் கிடைப்பது வெப்பமானிக்கு மட்டும்தான். வானிலை ஆய்வு மையத்தில் அது குடியிருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். காற்று புகுந்து வர நாலு பக்கமும் சாய்வான மரச்சட்டம், இரட்டைக் கூரை, தரைச்சூடு ஏறாமலிருக்கக் கால்கள். கதவைக்கூட வடக்குப் பார்த்துத்தான் வைப்பார்கள். அளவு பார்க்கத் திறக்கிற நேரத்தில் பாதரசத்தின் மேல் வெயில் பட்டுவிடக் கூடாதே! மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது.

அங்கே உட்கார்ந்துகொண்டு அது சொல்கிற எண்ணை வைத்துத்தான், தார்ச் சட்டி தூக்குகிற பெண்ணுக்கு எவ்வளவு சுடுகிறது என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. லாரியிலிருந்து இறங்கும் தார்க் கலவை ஏறத்தாழ 150 டிகிரி. அவள் காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறாள். தலைக்கு மேல் சூரியன், காலுக்குக் கீழே புதுச் சாலை, பக்கத்தில் ரோலரின் அனல். பெட்டிக்குள் வெப்பமானி 39 என்கிறது. சமவெளியில் 40-ஐத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே எழும். ஆகவே தாயே, இன்று உனக்குச் சுடவில்லை. சட்டியைத் தூக்கு.

கடலோரத்துக்கு அந்த வரம்பு 37. சென்னையில் அதற்குக் கீழேயே ஆள் சுருண்டு விழலாம். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை. இது ஆய்வு மையத்துக்குத் தெரியாததா? அதே பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய இன்னொரு வெப்பமானியும் இருக்கிறது. அந்தத் துணி காயாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. சித்தாள் தலையில் போடுகிற நனைத்த துண்டு அவள் சொந்தச் செலவு.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை. பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள், பருத்தி உடுத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஏசி அறையில் சுரந்த கருணை! அந்த மூன்று மணி நேரம் ஒதுங்கினால் மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிப்பார். அதை யார் கொடுப்பது என்ற வரி மட்டும் துண்டறிக்கையில் இல்லை. மை தீர்ந்திருக்கும். தண்ணீர் குடிக்கலாம்தான், குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறை கட்டாயம் என்று 1996-லேயே கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பெண்கள் இன்னமும் காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் செங்கல் சுமக்கிறார்கள்.

இங்கிருந்து துபாய்க்குக் கம்பி கட்டப் போனவரிடம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது; வாங்கினால் கம்பெனிக்கு அபராதம். அமீரகம் ஒன்றும் தொழிலாளர் சொர்க்கமல்ல, அங்கே சங்கம் வைக்கவே அனுமதி கிடையாது. அவர்களுக்கு உறைத்த வெயில், 1923-ல் சிங்காரவேலர் நாட்டிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சென்னைக்கு இன்னும் உறைக்கவில்லை.

செத்தால் உறைக்கும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லது. ஆனால் கொன்றது வெயில்தான் என்று யார் சொல்வது? விழுந்த இடத்தில் உடம்புச் சூட்டை அளக்க ஆளில்லை. “ஏற்கெனவே பிரஷர் இருந்துச்சு சார்” என்பார் கான்ட்ராக்டர். “ராத்திரி குடிச்சிருப்பான்” என்பார் மேஸ்திரி. சீட்டில் மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். வெயிலுக்கு விடுதலை.

இத்தனைக்கும் சாலையும் பாலமும் போடுவது அரசு, டெண்டர் எழுதுவதும் அரசு. புதுக் கான்கிரீட் வெயிலில் வெடித்துவிடாமல் ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாளாவது நனைக்கச் சொல்லி எழுதத் தெரிகிறதல்லவா? உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் கூலி பிடிக்காமல் வேலையை நிறுத்து, நிழலும் கழிப்பறையும் இல்லாவிட்டால் பில் பாஸாகாது என்று அதற்குக் கீழேயே எழுதட்டுமே! மாட்டார்கள். கான்கிரீட்டில் விரிசல் விழுந்தால் என்ஜினீயருக்கு மெமோ வரும். சித்தாள் விழுந்தால் நாளைக்கு வேறு சித்தாள் வருவாள்.