மாப்ளே, நத்தம் எந்தக் கட்டத்துல?

மாப்ளே, திண்டுக்கல் பிரியாணிக் கடை எல்லாத்தையும் மேப்புல காட்டுற வெப்சைட் பண்றேன்னு கெளம்புன. வாசனையைப் பிடிச்சே கடைக்குப் போற ஊருக்கு மேப்பு எதுக்குன்னு நான் கேக்கல. படிச்ச பிள்ளை மனசு நோகக்கூடாது. ஆனா கடை ஒண்ணுகூட இன்னும் மேப்புல ஏறல. நீதான் தெனம் ராத்திரி ஜாங்கோவோட மேப்புப் பிரிவு ஜியோஜாங்கோகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்க.

நான் சர்வேயர் பின்னாடி சங்கிலி இழுத்தவன். கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீசு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒனக்கு அதுக்கும் பொறுமை இல்லையேடா! திரையில என்ன போட்டிருக்கு? ‘ஜிடால் லைப்ரரியைக் காணோம். ஏத்தியிருந்தா, இருக்குற எடத்தை செட்டிங்ஸ்ல ஜிடால் லைப்ரரி பாத்-னு எழுது.’ நோயும் சொல்லி மருந்தும் சொல்லுது. நீ அதை வாசிக்காம விண்டோஸையே அழிச்சுட்டு முதல்லருந்து ஏத்துற.

அப்பறம் ‘பைப் இன்ஸ்டால் ஜிடால்’னு ஒண்ணு அடிச்ச பாரு, திரை முழுக்கத் திட்டு விழுந்துச்சே! அது ஜியோஜாங்கோவுக்குத் தேவையே இல்லடா. அது சி-டைப்ஸ் வழியா நேரா லைப்ரரிகிட்டயே பேசிக்கும். வேணாத சாமானை ஏத்த முடியலன்னு அழுகுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

எதுக்கு எதை ஏத்துறோம்னு தெரிஞ்சுக்க. கடை மாநகராட்சி எல்லைக்கு உள்ளயா வெளியயா, ரெண்டு நெலம் ஒட்டுதா வெட்டுதான்னு பாக்குறது ஜியோஸ். உருண்ட பூமியைத் தட்டைத் தாளுக்குக் கொண்டாறது ப்ரோஜ். ஷேப் ஃபைல், சாட்டிலைட் படம் எல்லாம் வாசிக்கிறது ஜிடால், 1998-ல ஃபிராங்க் வார்மர்டாம் ஆரம்பிச்சது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு நெலம் நீச்சு பாக்கச் சொல்லிக்குடுக்கிறது போஸ்ட்ஜிஐஎஸ், 2001-ல கனடாக்காரங்க வெளியிட்டது. உபுண்டுன்னா ஏபிடி-ல ரெண்டு வரியில எல்லாம் வந்து எறங்கிரும். விண்டோஸ்தான் வேணும்னா ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஏத்து. ஆனா பைதான் 64 பிட்டுன்னா அதுவும் 64 பிட்டாத்தான் இருக்கணும். மாங்காய்ப் பூட்டு செய்யுற ஊருல பெறந்துட்டு, இந்தப் பூட்டுக்கு அந்தச் சாவியைப் போட்டு ஆட்டுறியே! இன்னொண்ணு, என்னென்ன ஜிடால் பேரைத் தேடணும்னு ஜாங்கோ உள்ளயே ஒரு பட்டியல் இருக்கு. ஜாங்கோ பழசு, ஜிடால் புதுசுன்னா பட்டியல்ல பேர் இருக்காது. அதுக்குத்தான் எடத்தைக் கையால எழுதச் சொல்லுது.

டேட்டாபேஸ் ஒவ்வொண்ணுலயும் ‘க்ரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஐஎஸ்’ ஓடணும். அதுக்கு சாதாரண யூசருக்கு அதிகாரம் இருக்காது. சூப்பர் யூசர் வந்து கையெழுத்துப் போடணும். இதுக்குப் போயி மைக்ரேஷனை எத்தனை தடவை ஓட்டுன?

சரி, எல்லாம் ஏறிருச்சுன்னே வச்சுக்க. இனிமேத்தான் கூத்து. திண்டுக்கல் 10.36 வடக்கு, 77.97 கெழக்கு. ஊரு பேசுற மாதிரியே 10.36-ஐ முன்னாடி போட்டேன்னு வையி, கடை ஸ்வால்பார்டுக்கு மேக்க ஆர்க்டிக் கடல்ல போயி நிக்கும். சீரக சம்பா பிரியாணியை பனிக்கரடிக்குத்தான் விக்கணும். ஜியோஜாங்கோ பாயின்ட்டுல நெட்டாங்கு முன்னாடி, 77.97 முதல்ல. அஞ்சு கிலோமீட்டருக்குள்ள கடை தேடுறேன்னு, டிகிரியில அளக்குற 4326-ங்கிற கணக்குல வெறும் 5 போட்டியா? அங்க 5-ன்னா அஞ்சு டிகிரி. ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். நாகல்நகர்ல பசிச்சவனுக்குக் கொழும்புல கடை காட்டும். மாடல்ல ஜியோகிராஃபி ட்ரூ-ன்னு போடு, மீட்டர்ல பேசும்.

பரப்பளவு கணக்கு எடுக்குறப்ப இன்னும் கவனமா இரு. யூடிஎம் கட்டம் 43-க்கும் 44-க்கும் எல்லை 78 டிகிரி கோடு. அது நம்ம ஊருக்குச் சரியா கெழக்காலதான் ஓடுது. திண்டுக்கல்லுக்குக் கட்டத்து நம்பர் 32643, நத்தத்துக்கு 32644. ஒரே மாவட்டம், ரெண்டு கணக்கு. அந்தக் கோட்டை ஒட்டித்தான்டா லாம்டன் துரை நாட்டையே அளந்தாரு. 1802-ல பரங்கிமலைகிட்ட ஆரம்பிச்சது. 1808-ல தஞ்சாவூர்ல அரை டன் தியோடலைட்டைக் கோபுரத்து மேல ஏத்துறப்ப கயிறு அறுந்து, மோதி, வட்டு நெளிஞ்சு போச்சு. மனுசன் ஒக்காந்து தட்டி நிமுத்தி மறுபடி அளக்கப் போயிட்டாரு. நீ ரெண்டு வரி எர்ரருக்கு லேப்டாப்பை மூடிட்டு டீக்கடைக்குப் போற. அவருக்கு அப்பறம் வந்த எவரெஸ்ட்டு பேருல பூமி உருண்டைக்கு ஒரு கணக்கு இருக்கு. பழைய டோபோ ஷீட் எல்லாம் அந்தக் கணக்குதான். உன் போன் டபிள்யூஜிஎஸ் 84. அப்பிடியே மேல ஒட்டுனா தள்ளி நிக்கும். ப்ரோஜ்கிட்ட குடுத்து மாத்திக்க.

இதெல்லாம் முடிச்சதும் நத்தத்துல நம்ம தோப்போட அளவுப் படம், அந்த எஃப்எம்பி-யையும் மேப்புல ஏத்திரு. மேக்கு வரப்பைப் பங்காளி நகத்திட்டான்னு ஒரு சந்தேகம். ஆனா போனைத் தூக்கிக்கிட்டு வரப்புல நடக்காத. தகராறு ரெண்டடி, உன் போன் பதினஞ்சு அடி பிசகும். மனு போட்டு சர்வேயரைத்தான் கூப்பிடணும். கட்டணத்தை நீ கட்டிரு மாப்ளே, சங்கிலியை மாமன் பிடிச்சுக்கிறேன்.