கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்: ஒரு பாலைத்திணை ஆய்வு

மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம் எத்தனையோ ஏடுகளைத் தேடிச் சேர்த்தது. அதற்கு முந்தைய மூன்று சங்கங்களின் பெருமையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் மே மாதத்து மத்தியானத்தில், மாடி அறையில், சின்னஞ்சிறு கேபினெட்டுக்குள் கிடக்கும் பிராசஸரை ஓவர்கிளாக் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நான்கு சங்கங்களும் விட்டுவிட்டன. இந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். நிதி உதவி யாரும் செய்யவில்லை.

முதலில் புராணம். தயாரித்த கம்பெனி குறித்து அனுப்பிய வேகத்தை, பயோஸுக்குள் புகுந்து உயர்த்துவதுதான் ஓவர்கிளாக். இந்த மரபின் ஆதிபுருஷர்களில் ஒருவர் 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கும் எண் நாலரை, ஆக வேகம் 300. பெருக்கும் எண்ணைப் பூட்டியிருந்தார்கள், பஸ்ஸைப் பூட்டவில்லை. அதை 100 ஆக்கினால் 450-இல் ஓடியது. பாதி வேகம் சும்மா கிடைத்தது. அப்புறம் கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். இன்டெல் பெரும்பாலும் பெயரின் கடைசியில் 'கே' உள்ள பிராசஸர்களுக்கு மட்டும் சாவியைக் கொடுத்து, சாவிக்கும் சேர்த்து விலை வைத்தது. ஏஎம்டி 2017 முதல் தன் ரைசன் வரிசையில் பெரும்பாலானவற்றைத் திறந்தே விட்டிருக்கிறது.

அடுத்து, பெட்டி. தைவானின் வியா நிறுவனம் 2001-இல் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மதர்போர்டு அளவைக் கொண்டுவந்தது. அதுதான் மினி ஐடிஎக்ஸ். அதற்கென்று 2020-இல் வந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டின் கொள்ளளவு 18.25 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடக் குறைவு. இதைவிடச் சின்னதும் உண்டு. அவற்றில் சிலவற்றில் 37 மில்லிமீட்டர் உயரக் கூலர்தான் நுழையும். நாக்டுவா கம்பெனியின் குட்டிக் கூலரான எல்9ஐ அந்த உயரம். அதே கம்பெனியின் டி15 நிமிர்ந்து நின்றால் 165 மில்லிமீட்டர். வெப்பத்தை வாங்கும் இரும்பு நெஞ்சு எதற்கு இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனிப் பூர்வபட்சம். "பத்து சதவீதம்தானே கூட்டுகிறோம், என்ன ஆகிவிடும்?" என்பது எதிர்வாதியின் கேள்வி. வேகம் கூடக்கூட வெப்பம் அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். வேகத்தைக் கூட்டினால் பிராசஸர் தடுமாறும், தடுமாறாமல் நிறுத்த வோல்டேஜையும் கூட்ட வேண்டும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் ஏற்றினால், 100 வாட் தின்ற பிராசஸர் சுமார் 133 வாட் தின்னும். லாபம் பத்து, சூடு முப்பத்துமூன்று. வட்டிக்கடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் சதம் பற்றிய ஒரு நுட்பம். நம் பத்திரிகைகள் வெயிலை ஃபாரன்ஹீட்டில் எழுதுகிறவை. 100-ஐத் தொட்டதும் 'வெயில் சதமடித்தது' என்று தலைப்புப் போடுவார்கள். அது 37.8 செல்சியஸ். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவும் சதமடிப்பது 100 செல்சியஸில். அடித்த கணமே அவை தாமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெவிலியன் திரும்பும். முதல் சதத்துக்கும் இரண்டாவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எந்த ஃபேனும், தண்ணீர் ஓடும் எந்த ரேடியேட்டரும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. 20 டிகிரி அறையில் 78-இல் நிற்கும் பிராசஸர், அதே வேலையில், 38 டிகிரி அறையில் 96-க்கு வந்து நிற்கும். குளிர்நாட்டு யூடியூபர் காட்டும் கணக்கு மேலூர் ரோட்டில் செல்லாது.

சிறு கேபினெட்டின் உட்புறத்தைப் பாலைத்திணையில் சேர்ப்பதே முறை. பெரும்பொழுது வேனில். சிறுபொழுது நண்பகல், ஆனால் வெயில் குடித்த கான்கிரீட் மொட்டைமாடி ராத்திரி பத்து மணிவரை சூட்டைக் கக்குவதால் இதை உரையாசிரியர்கள் நீட்டித்துக்கொள்ளலாம். கருப்பொருளில் செந்நாய்க்குப் பதில் பல்லி. சூறைகோட்பறைக்குப் பதில் 92 மில்லிமீட்டர் ஃபேனின் அலறல். உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். பிரிவது யார் யார்? கேபினெட்டும் அதன் பக்கப் பலகையும். காசு கொடுத்து வாங்கிய கண்ணாடிப் பலகை ஏப்ரலில் கழன்று பீரோ மேல் ஏறினால் ஐப்பசி மழைக்குத்தான் இறங்கும்.

பலகை கழற்றியதோடு நிற்பவர்கள் ஒரு மரபு. திறந்த வயிற்றுக்கு நேரே டேபிள் ஃபேனை மூன்றில் வைப்பவர்கள் இன்னொரு மரபு. இது பயன் தரும், ஆனால் வைகைக் கரைப் புழுதியையும் சேர்த்துத் தரும். மூன்றாம் மரபினர் ஏர் கூலர்க்காரர்கள். வறண்ட வெயிலில் ஈரக்காற்று நன்றாகவே குளிர்விக்கும். சிஸ்டத்துக்கு முழ தூரத்தில் வைத்து ஈரத்தை உள்ளே அடிக்கவிடுவதுதான் வம்பு.

இரண்டு கோடை கண்ட சிஸ்டம் ஒன்றை எந்த சர்வீஸ் கடையிலாவது திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் புளோயர் அடிப்பார்கள். ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு, கம்பளித் துண்டாக அப்படியே உரிந்து வரும். அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும். துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினாலே, ஓவர்கிளாக் செய்து தொலைத்த டிகிரிகளில் பல திரும்பி வந்துவிடும்.

மின்சாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓவர்கிளாக் நிலைக்குமா என்று பார்க்க பிரைம்95 என்ற நிரலை மணிக்கணக்கில் ஓடவிடுவது வழக்கம். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்கென்று 1996-இல் பிறந்த நிரல் அது. தென்மாவட்டங்களில் கரண்ட் வருவதே விருந்தாளி வருவது மாதிரி இருந்த 2012-இல் இந்தச் சோதனையை முடித்தவர் யாரேனும் இருந்தால் அவருக்குப் பொற்கிழி கொடுக்கலாம். இன்று நிலைமை தேவலை. ஆனாலும் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ யுபிஎஸ். கிராபிக்ஸ் கார்டோடு சேர்ந்து ஓவர்கிளாக் சிஸ்டம் முழு மூச்சில் ஓடும்போது கரண்ட் போனால், அது ஒரு கத்துக் கத்திவிட்டு அணையும்.

உலக சாதனைகளைக் காட்டி வாதிடுவோர் உண்டு. ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 பிராசஸர் 2011-இல் 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுக் கின்னஸில் ஏறியது உண்மை. அதன் தலையில் ஊற்றியது திரவ ஹீலியம். கொதிநிலை மைனஸ் 269 டிகிரி. சிம்மக்கல் பக்கம் கிடைக்கும் சரக்கு அல்ல.

ஆகவே சித்தாந்தம். சின்னக் கேபினெட், மதுரை, மே மாதம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் செய்ய வேண்டியது வோல்டேஜைக் குறைப்பது. பத்து சதவீதம் குறைத்தால் வெப்பம் சுமார் 19 சதவீதம் குறையும். சூடு தணிந்த பிராசஸர் தன் பூஸ்ட் வேகத்தைக் கூடுதல் நேரம் பிடித்து நிற்கும். எவ்வளவு குறைக்கலாம் என்பது சிப்புக்குச் சிப் மாறும், எனவே பயோஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரைசன் 5000 முதல் வந்தவற்றில் இதற்கென்றே கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. இதெல்லாம் போதாது, வேகத்தை ஏற்றியே தீருவேன் என்கிற வாசகர், பஞ்சைத் தட்டி, பேஸ்ட் மாற்றிவிட்டு, மார்கழி வரை பொறுத்திருக்கவும்.