லீக் இல்ல சார், வேர்வை

கார் வேர்க்கும் என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

"லீக் இல்ல சார். லைட்டா வேர்வை, அவ்ளோதான்."

சொன்னவர் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய சர்வீஸ் அட்வைசர். வண்டிக்கு அடியில் கறுப்பாகக் குளம் கட்டியிருந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பில் போட்டவர் கண்ணுக்கு அது வேர்வை. பில் கட்டியவன் கண்ணுக்கு எண்ணெய்.

டேப்பட் கவர் ஓரம் கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே கொண்டுபோய் விட்டேன். முதல் குற்றவாளி நான்தான், ஒப்புக்கொள்கிறேன். பேக்கிங், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியதாக ஜாப் கார்டில் வரிசையாக டிக் அடித்து, ஜிஎஸ்டியோடு ரூ.9,860 வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். மறுநாள் ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பி ஏலகிரி ஏறினேன். அந்த மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் டேஷ்போர்டில் சிவப்பு எண்ணெய்க் கெண்டி கண் சிமிட்டியது. இறங்கிப் பார்த்தால் சூடான சைலன்சர் குழாயில் எண்ணெய் சொட்டிப் புகைகிறது. அவன் முல்லைக்குத் தேரையே கொடுத்தான்; நான் தார்ச்சாலைக்கு எண்ணெய் வார்த்தேன்.

அடிவாரத்து மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கிடக்க, அதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கியிருக்கிறார்கள். வளையத்தின் மேல் வளையம். இடுக்கு வழியாக எண்ணெய். டிரெயின் போல்ட்டில் நசுங்கிப்போன பழைய வாஷர். புது வாஷர் டீக்காசு பெறும். அதை மிச்சம் பிடித்து, ஒழுகாமலிருக்க ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கியதில் சம்ப்பின் மரை போய்விட்டது. டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றவே இல்லை. பழையதன் மேல் அனபாண்ட் பசையை அப்பியிருக்கிறார்கள், மந்திரி வரும் நாளில் ரோட்டுப் பள்ளத்துக்கு ஜல்லி அப்புவதுபோல. வெளியே பிதுங்கிய பசை உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துணுக்காக உதிர்ந்து சம்ப்புக்குள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், இன்ஜின் சீஸ். அப்போதும் "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்" என்பார்கள்.

"இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பியாப்பா?"

"வாயால எவ்ளோ வேணா சொல்றேன் சார். எழுத மாட்டேன். நாளைக்கு பார்ட்ஸுக்கு நான் அங்கதான் போய் நிக்கணும்."

ஜோலார்பேட்டை கசிவைப் பார்க்காத ஊர் இல்லை. 2019 கோடையில் சென்னை தாகத்தில் தவித்தபோது, ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஜோலார்பேட்டையிலிருந்துதான் வில்லிவாக்கத்துக்குப் போனது. ஒரு நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டிய ரயில். வால்வில் கசிவு என்று நிறுத்திவைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். சென்னைக்குப் போகிற தண்ணீர் அல்லவா, அதை யாரும் வேர்வை என்று சொல்லவில்லை.

பாலாற்றுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்ட கழிவு அதில் இறங்கியது எல்லோருக்கும் வெறும் வேர்வைதான். உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று டேனரிகளுக்கு விதித்த அபராதம் தலா ரூ.10,000, இழப்பீடு தனிக்கணக்கு. ஓர் ஆற்றைக் கெடுத்ததற்கான அபராதத்தைவிட, என் இன்ஜினைக் கெடுக்க நான் கொடுத்த கூலி 140 ரூபாய்தான் குறைவு. 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் இழப்பீடு கொடு, குழு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. ஆற்றுக்கே சர்வீஸ் இந்த லட்சணம் என்றால் பழைய காருக்கு எவன் வாரண்டி தருவான்?

சட்டமா, தாராளமாக இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த மூன்று மாதத்தில் தீர்க்க முயல வேண்டும். பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார்: "சொட்டறத ஃபோட்டோ எடு, வீடியோ எடு, துடைக்காத, வேற எடத்துல சரி பண்ணிடாத. சாட்சி போயிடும்." ஆக, நீதி கிடைக்கும்வரை என் வாசலில் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்க வேண்டும். கழிவு எண்ணெய் அபாயக் கழிவு என்று 2016 விதிகள் சொல்கின்றன. என் வாசல் வழியாக அது கால்வாய்க்குப் போனால் அதற்கு நோட்டீஸ் எனக்குத்தான் வரும். அந்த வேலை மட்டும் மூன்று மாதம் எடுக்காது.

மூன்றாவது தடவையும் போனேன். ஃபோட்டோ, பில், ஜாப் கார்டு, சேர்த்துவைத்த கோபம் எல்லாம் ஒரே ஃபைலில். அட்வைசர் கண்ணில் படுவதற்கு முன்பே செக்யூரிட்டி கைகாட்டி நிறுத்தினார்.

"சார், வண்டிய வெளியவே உட்டுடுங்க. உள்ள புதுசா டைல்ஸ் போட்டிருக்காங்க. உங்க வண்டி ஆயில் லீக் ஆவுது."