எல்லாப் படங்களையும் ஒரே வெள்ளிக்கிழமை விடக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: வெளியீட்டுத் தேதிகளை ஒழுங்குபடுத்தும் பெரியோர், தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், சென்னை.

பொருள்: ஓராண்டுப் படங்கள் அனைத்தையும் ஒரே நாளில் வெளியிட்டுக் கணக்கை முடித்துவிடுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் தமிழில் வருகின்றன. மாநிலத்தில் திரைகள் ஆயிரத்துச் சொச்சம். வெள்ளிக்கிழமைகள் 52. இந்த எண்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் வாரத்துக்கு நான்கு என்று வகுத்துச் சொல்லிவிடும். அனுபவசாலிகளான நீங்கள் அவ்வளவு எளிய விடைக்கு இறங்கி வருவதில்லை. ஒரு வாரம் பேருக்கு ஒன்று, அடுத்த வாரம் ஆறேழு, பண்டிகை வந்தால் முட்டி மோதிக்கொண்டு அத்தனையும் என்பதே உங்கள் ஆட்சியில் நிலவும் முறை. இந்த முறையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம். ஆறு படங்களை ஒரே நாளில் விடுவது சரியென்றால் 200 படங்களை ஒரே நாளில் விடுவதும் சரியே. ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து அத்தனையையும் இறக்கிவிடலாம். ஞாயிறு இரவுக்குள் எவன் பிழைத்தான், எவன் போனான் என்று தெரிந்துவிடும். மீதி 51 வாரங்களுக்குத் திரையரங்குகள் என்ன செய்யும் என்று கவலைப்பட வேண்டாம். 2004இல் வந்த ‘கில்லி’யை 2024 ஏப்ரலில் மறுபடி போட்டபோது, அந்த மாதத்துப் புதுப்படங்களுக்கு வராத கூட்டம் அதற்கு வந்ததை அவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு முன்னுதாரணமும் உங்களிடமே இருக்கிறது. 2018 மார்ச் முதல் தேதி தொடங்கி, திரையரங்குகளுக்குப் படம் அனுப்பும் டிஜிட்டல் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்து ஏறத்தாழ 50 நாட்களுக்கு ஒரு புதுத் தமிழ்ப் படமும் வராமல் நிறுத்திக் காட்டினீர்கள். மார்ச் பிறந்தால் தேர்வு, ஏப்ரலில் ஐ.பி.எல். என்று மற்றவர்கள் தேதி பார்த்துக்கொண்டிருக்க, தேதியே இல்லாமல் செய்த ஒரே அமைப்பு உங்களுடையது. ஏப்ரல் 20ஆம் தேதி ‘மெர்குரி’ என்ற வசனமே இல்லாத படத்தோடு திரையரங்குகள் மறுபடி உயிர்பெற்றது தற்செயலாக இருக்கலாம். அந்த 50 நாட்களைப் பற்றி அதைவிடப் பொருத்தமாக யாரும் பேசிவிட முடியாது. பிறகு வெளியீடுகளை வரிசைப்படுத்தப்போவதாக அறிவித்தீர்கள். அந்த வரிசையின் உச்சம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. 20ஆம் தேதி ‘சீதக்காதி’. 21ஆம் தேதி ‘மாரி 2’, ‘அடங்க மறு’, ‘கனா’, ‘சிலுக்குவார்பட்டி சிங்கம்’. இவை போதாதென்று கன்னடத்திலிருந்து ‘கே.ஜி.எஃப்’ தமிழ் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தது. யாரும் விட்டுக்கொடுக்காதபோது, விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டபடி வந்துகொள்ளலாம் என்று கையை விரித்துவிட்டீர்கள். அதே வாரம் சங்கத்தின் எதிரணியினர் தி.நகரில் உங்கள் அலுவலகத்துக்கே பூட்டுப் போட்டிருந்ததால், யாராவது தேதியை மாற்றிக் கேட்க வந்திருந்தாலும் உள்ளே நுழைந்திருக்க முடியாது.

‘சீதக்காதி’யைச் சற்று நின்று பார்க்கச் சொல்வேன். வற்றிக்கொண்டே போகும் கூட்டத்தின் முன் விடாமல் நாடகம் போடும் ஒரு கிழ நடிகர், அவர் இறந்த பிறகும் நடிப்பை விடாத அவரது கலை என்பது கதை. விஜய் சேதுபதிக்கு 25ஆவது படம். முதல் முக்கால் மணி நேரம் பெரும்பாலும் மேடையிலேயே நிற்கும் படம் அது. அப்படிப்பட்ட படத்துக்கு ஒருவர் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் சொல்ல அவகாசம் வேண்டும். கிடைத்த அவகாசத்தைப் பாருங்கள்: மறுநாளே ஐந்து படங்கள். அதைத் தாண்டி நின்றாலும், ஜனவரி 10ஆம் தேதி ‘பேட்ட’யும் ‘விஸ்வாச’மும் ஒன்றாக வந்து மாநிலத்தின் திரைகளையெல்லாம் பாகம் பிரித்துக்கொண்டன. ஆக, டிசம்பரில் வந்த அரை டஜன் படங்களுக்கும் சேர்த்து 20 நாள் ஆயுள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தாகிவிட்டது. கூட்டம் வராத நடிகரைப் பற்றிய படத்துக்குக் கூட்டம் வராமல் பார்த்துக்கொண்டதை உயர்ந்த கலைநயம் என்று பாராட்ட ஆசைதான். ஆனால் அதற்குப் பணம் போட்டவர் அந்தக் கோணத்தில் ரசித்திருப்பாரா என்று தெரியவில்லை.

“பண்டிகைக்குப் பல படங்கள் வருவது என்ன புதுசா?” என்று உங்களில் மூத்தவர்கள் கேட்கக்கூடும். புதுசில்லை. 1987 தீபாவளிக்கு ‘நாயக’னும் ‘மனித’னும் ஒன்றாக வந்து இரண்டுமே ஓடின. ஆனால் அன்று ஒரு படத்துக்குப் போட்ட பிரிண்டுகள் குறைவு. முதலில் நகரங்கள், பிறகு சிற்றூர்கள், கடைசியில் டூரிங் கொட்டகை என்று அதே பிரிண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றியது. தீபாவளி அந்தப் பயணம் தொடங்கும் நாள், அவ்வளவுதான். மதுரையில் இந்த வாரம் தோற்ற படம் இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு ஊரில் எழுந்து நிற்க வழி இருந்தது. இன்று முதல் நாளே மாநிலம் முழுக்கப் போட்டுவிடுகிறோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூல்தான் படத்தின் ஜாதகம். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு ஆள் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை அந்தத் திரை வேறு படத்துக்குப் போய்விடும். நான்காவது வாரம் ஓடிடி. ஆயுள் மூன்று மாதமாக இருந்தபோது பிறந்த தேதிக்குப் பெரிய மதிப்பில்லை. மூன்று நாளாகச் சுருங்கிய பிறகு தேதியைத் தவிர வேறெதற்கும் மதிப்பில்லை. விளையாட்டு மாறிவிட்டது, விதி மட்டும் 1987லேயே இருக்கிறது. அந்தப் பொற்காலத்திலும் எல்லாம் பிழைத்துவிடவில்லை என்பது வேறு. 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’ வந்த அதே நாளில் வந்தது ‘குணா’. வெற்றி எதற்கு என்று ஊருக்கே தெரியும். ‘குணா’வின் பாட்டுக்குத் திரையரங்கம் எழுந்து நின்று கைதட்டியது 2024 பிப்ரவரியில், அதுவும் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில். கைதட்டல் வந்து சேர 32 ஆண்டுகள் ஆயின, வசூல் வேறு முகவரிக்குப் போனது. 2005 சித்திரைப் புத்தாண்டில் ‘சந்திரமுகி’யோடு இறங்கிய ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ஸுக்கு அந்தப் பாக்கியமும் இன்னும் கிட்டவில்லை. சென்னை சாந்தி திரையரங்கில் ‘சந்திரமுகி’ 800 நாட்களுக்கு மேல் ஓடியது. பக்கத்தில் நின்றது எந்தப் படம் என்று இன்று சொல்லித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் தரப்பின் மிக வலுவான வாதம் வரும்: நல்ல படம் எப்படியும் ஓடும். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2018 செப்டம்பர் 27இல் ‘செக்கச்சிவந்த வானம்’, மறுநாள் ‘பரியேறும் பெருமாள்’, அடுத்த வாரம் 4ஆம் தேதி ‘96’, 5ஆம் தேதி ‘ராட்சசன்’. ஒன்பது நாளில் நான்கு படங்கள் வந்து நான்குமே நின்றன. டிசம்பரில் அந்த நெரிசலிலும் ‘கனா’ தப்பியது. சரிதான். ஆனால் இவற்றின் இடைவெளியைக் கவனியுங்கள். நான்கும் இரண்டு வாரங்களில் பரவி வந்தன. அக்டோபர் 17இல் ‘வடசென்னை’ வரும்வரை பின்னால் பெரிய சுவர் ஏதும் இல்லை. ‘பரியேறும் பெருமாள்’ பார்த்தவர்கள் பேசிப் பேசிக் காட்சிகள் கூடின. பேச நாள் இருந்ததால் கூடின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ‘96’ படத்தையும் அந்தத் தீபாவளிக்கே தொலைக்காட்சியில் போட்டு முடித்து வைத்தார்கள். நாயகியே வேண்டாமென்று கேட்டும் பலனில்லை. ஆக, நல்ல படத்துக்குத் தேவையானது நாள். அதைக் கொடுத்தால் பிழைக்கிறது என்பதைத்தான் உங்கள் எடுத்துக்காட்டுகள் நிரூபிக்கின்றன. தப்பிப் பிழைத்தவனைச் சாட்சிக்கு அழைத்தால் வெள்ளமே வரவில்லை என்றுகூட நிரூபித்துவிடலாம்.

இன்னொரு பக்கம், படம் சரியில்லாததற்குத் தேதியைக் குறை சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. பல வேளைகளில் உண்மையும்கூட. தோற்ற தயாரிப்பாளர் மழையைத் திட்டுவார், கிரிக்கெட்டைத் திட்டுவார், கதையை மட்டும் திட்ட மாட்டார். இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு வாய்ப்பாக ஒரே இயக்குநரின் இரண்டு பொங்கல்கள் கிடைத்திருக்கின்றன. சுந்தர்.சி இயக்கிய ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே ‘தூள்’ வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தது; ‘சொக்கத் தங்கம்’, ‘வசீகரா’ வேறு. படம் விழுந்தது. அதே சுந்தர்.சியின் ‘மத கஜ ராஜா’ 2013 பொங்கலுக்கு வரவேண்டியது; 12 ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. அதன் நாயகன் 2018இல் உங்கள் சங்கத்தின் தலைவராகவே இருந்தார் என்பதை இங்கே மரியாதையோடு நினைவூட்டுகிறேன். 2025 பொங்கலுக்கு வரவிருந்த ‘விடாமுயற்சி’ கடைசி நேரத்தில் விலகியதும் அந்த இடைவெளியில் ‘மத கஜ ராஜா’வை இறக்கினார்கள். பழைய நகைச்சுவை, பழைய முகங்கள், மறைந்துவிட்ட சில நடிகர்கள்கூடத் திரையில். அந்தப் பொங்கலின் வெற்றிப் படம் அதுதான். இரண்டில் எது சிறந்த படம் என்று கேட்டால், ‘மத கஜ ராஜா’வை எடுத்தவர்களே ‘அன்பே சிவ’த்தைக் காட்டுவார்கள். சரக்கின் தரம்தான் முடிவு செய்கிறது என்றால் இந்த இரண்டு பொங்கல்களும் இடம் மாறியிருக்க வேண்டும். ‘அன்பே சிவம்’ பின்னாளில் கொண்டாடப்படுகிறதே என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2003இல் விநியோகஸ்தர் கேட்டது பணத்தை. எதிர்கால சந்ததியின் பாராட்டை எந்த ஃபைனான்சியரும் வட்டியில் கழித்துக்கொள்வதில்லை.

தெய்வம் செய்ததை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ‘இஞ்சி இடுப்பழகி’ வந்து நான்கு நாளில் சென்னை மூழ்கியதற்கு நீங்கள் பொறுப்பல்ல. 2016இல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன மூன்றாம் நாள் ‘அச்சம் என்பது மடமையடா’ வெளியானதும், 2020 மார்ச் 13இல் வந்த ‘தாராள பிரபு’ நான்கே நாளில் ஊரடங்குக்கு முன்னோடியாக அடைத்த கதவுகளுக்குப் பின்னால் சிக்கியதும் யாராலும் கணிக்க முடியாதவை. இவர்களுக்கு அனுதாபம் சொல்லலாம், ஆலோசனை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளி எப்போது வரும் என்பது பஞ்சாங்கத்தில் அச்சாகி ஓராண்டுக்கு முன்பே கடைக்கு வந்துவிடுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பர் 30இல் வரும் என்று ஊர்முழுக்கத் தட்டி வைத்த பிறகு, அதற்கு முதல் நாள் ‘நானே வருவேன்’ வந்தது. தயாரித்தவர் உங்கள் சங்கத்தின் முன்னாள் தலைவர். வெள்ளத்தைப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

ஏன் இப்படி இறங்குகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மாத வட்டி ஏறுகிறது. ஒரு வாரம் தள்ளினால் ஒரு வார வட்டி. ஓடிடிக்காரர் தமக்குத் தோதான தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திரையரங்குத் தேதியை முடிவு செய்கிறார். நாயகருக்குப் பண்டிகைதான் வேண்டும், அதுவும் இன்னொரு நாயகர் வரும் பண்டிகை. தயாரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்தால் தன் முடிவு நியாயமே. ஆறு நியாயங்கள் ஒரே வெள்ளிக்கிழமை சேர்ந்தால் ஆறு பேருக்கும் நஷ்டம். தனித்தனியே நியாயமாக இருப்பது கூட்டாக அநியாயமாகும் இடத்தில் தலையிடத்தான் சங்கம் என்ற ஒன்றைச் சந்தா கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் அப்பாவித்தனமாக நினைத்திருந்தேன். “எங்களுக்குச் சட்ட அதிகாரம் இல்லை, போட்டிச் சட்டம் இடம் தராது, உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது” என்று விளக்கம் வரும். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50 நாள் ஒரு புதுத் தமிழ்ப் படமும் ஓடாமல் நிறுத்த இருந்த அதிகாரம், இரண்டு படங்களுக்கு நடுவே ஏழு நாள் விடச் சொல்லும்போது மட்டும் எங்கே போகிறது என்பதை அந்த விளக்கத்திலேயே ஒரு வரியில் சேர்த்துவிட்டால் நன்றாயிருக்கும்.

இனி நாள் குறிப்பதுதான் பாக்கி. பிப்ரவரி, மார்ச் தேர்வுக் காலம். ஏப்ரல், மே ஐ.பி.எல். ஜூனில் பள்ளிக் கட்டணம். ஆடி என்றால் பலருக்கும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. டிசம்பரில் பொங்கல் படங்களின் நிழல். உங்கள் உறுப்பினர்கள் சொல்லும் காரணங்களை எல்லாம் கழித்துப் பார்த்தபோது, மீந்தது செப்டம்பர் நடுவில் ஓரிரு வெள்ளிக்கிழமைகள். 2024 செப்டம்பர் 20 அப்படியொரு நாள். பெரிய நாயகர் யாரும் ஆசைப்படாத அந்தத் தேதியில் ‘லப்பர் பந்து’ வந்து வாரக்கணக்கில் ஓடியது. ஆகவே அந்த வாரத்தை என் திட்டத்திலிருந்து விலக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு படம் நன்றாக ஓடிவிட்ட தேதி என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு அங்கே பத்துப் படங்கள் வந்து நிற்கும். நீங்கள் பொங்கலையே வைத்துக்கொள்ளலாம். 200 படத்துக்கும் அன்றைய காலைக் காட்சிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து, முடிவைச் சங்க அலுவலக வாசலில் ஒட்டுங்கள். கதவு பூட்டியிருந்தாலும் படிக்கிற மாதிரி வெளிப்பக்கத்தில் ஒட்டவும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கும் தரப்பிலிருந்து ஒருவன்