கஷ்டமான பக்கம்

நாற்பதைத் தாண்டியதும் மனிதர்களுக்கு ஏதோ ஆகிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் அது தெரிவதில்லை. சிலர் மாரத்தான் ஓடக் கிளம்புகிறார்கள். சிலர் சிறுதானியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பிறகு நிறுத்துவதே இல்லை. என் அலுவலகத்தில் ஒருவர் மொட்டை மாடியில் தேனீ வளர்க்கிறார். அவர் வீட்டு விசேஷங்களுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. எனக்கு அது சுவரேறும் ஆசையாக வந்தது.

நம் ஊரில் சுவரேறிக் குதிக்கிறவர்கள் இரண்டே வகை: திருடர்கள், காதலர்கள். பெங்களூரில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர்கள் மாதச் சந்தா கட்டி ஏறுகிறார்கள். என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கிடங்கை அதற்கான கூடமாக மாற்றியிருந்தார்கள். ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனத்தில் இருந்தது நடைப்பயிற்சி. நான் செங்குத்தாக நடக்கலாமென்று முடிவு செய்தேன்.

இதற்குப் பெயர் போல்டரிங். கயிறு கிடையாது, இடுப்பு வார் கிடையாது. சுவரின் உயரம் சுமார் 4.5 மீட்டர், கீழே தரை முழுவதும் கனத்த மெத்தை. சுவரெங்கும் பல நிறங்களில் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்தும் மிதித்தும் போய், கடைசிப் பிடியில் இரண்டு கைகளையும் வைத்துவிட்டால் அந்தப் பாதை முடிந்தது. அப்புறம் இறங்கிவிட வேண்டியதுதான். மேலே மணியும் இல்லை, மாலையும் இல்லை.

முதல் வகுப்பில் விழத்தான் கற்றுத்தந்தார்கள். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். அப்படியே பின்னால் சாய்ந்து முதுகில் உருள வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும், பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். “இங்கே ஏறுவதைவிட விழுவதுதான் அதிகம் நடக்கும் மேடம்” என்றார் பயிற்சியாளர். தோற்பது எப்படி என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் உடம்பு, லாரியிலிருந்து தள்ளிவிட்ட அரிசி மூட்டை எப்படி இறங்குமோ அப்படித்தான் இறங்கியது.

பாதைகளின் கடினத்தை அளக்க ‘வி’ வரிசை என்று ஒன்று இருக்கிறது. டெக்சாஸின் ஹூயகோ டாங்க்ஸ் பாறைகளில் ஏறிய ஜான் ஷெர்மன் உருவாக்கியது. ‘வெர்ம்’ என்ற அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்துதான் அந்த ‘வி’. வி-0-வில் தொடங்கும் வரிசை வி-17-ஐயும் தொட்டிருக்கிறது. 2016-இல் பின்லாந்துக்காரர் நாலே ஹுக்கடாய்வல் தன் நாட்டிலேயே ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்ற பாதையில் ஏறியபோதுதான் அந்தப் படி பிறந்தது. சின்னப் பாறை, விரல்விட்டு எண்ணக்கூடிய அசைவுகள். அதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார். நான் வி-0-விலிருந்து ஆரம்பிக்கலாமென்று இருந்தேன். அதற்கும் கீழே ‘வி-பி’ என்று ஒன்று இருப்பதாகப் பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னார். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார்களே, அந்தக் கருணையை வாழ்த்திக்கொண்டு அதில் சேர்ந்தேன்.

இதே விளையாட்டின் வேகப் பிரிவில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாம் வாட்சன் 15 மீட்டர் சுவரை 4.74 விநாடியில் ஏறினார். எங்கள் அடுக்ககத்து லிஃப்ட்டுக்குக் கதவு மூடவே அதைவிட நேரம் ஆகும்.

அடுத்து ஷூ. இந்த ஷூவைக் காலுறை இல்லாமல், விரல்கள் சற்று மடங்கும் அளவுக்கு இறுக்கமாகப் போட வேண்டும். அப்போதுதான் நகக்கண் அளவு விளிம்பிலும் கட்டைவிரல் நிற்கும். கடைப் பையன் கேட்டான்: “வலிக்கிறதா?” “உயிர் போகிறது.” “அப்படியானால் இதுதான் உங்கள் சைஸ்.” காசு கொடுத்து வாங்கும் பொருளில் வலி ஒரு சிறப்பம்சமாக இருப்பதை அன்றுதான் பார்த்தேன். பிரான்ஸின் ஃபோன்டன்ப்ளோ காட்டுப் பாறைகளில் ஏறிய பியேர் அலேன் 1930-களில் வழவழப்பான ரப்பர் அடி வைத்து இந்த வகை ஷூவுக்கு வழிகாட்டினாராம். அவர் கால்விரல்களை நினைத்து நான் வருந்துகிறேன்.

கை வியர்வைக்கு வெள்ளைப் பொடி, மக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களிடமிருந்த இந்தப் பொடியை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கில். அவர் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியர். பாறையில் ஏறுவதைப் பார்த்தால் கணக்குப் போடுவதாகத்தான் தெரியும்: இந்தக் காலை இங்கே வைத்தால் அந்தக் கை அங்கே எட்டுமா, எட்டினால் இடுப்பு எங்கே போகும்? இப்படிப்பட்ட கணக்கில் வீக்கான எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் தேனீயே வளர்த்திருப்பேன். அந்தப் பொடிப் பையோடு ஒரு மாலுக்குள் நுழைந்தபோது, வாசலில் சோதனை செய்த பெண்மணி அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். “கோலமாவா?” “இல்லைங்க, கையில் பூசிக்கொண்டு சுவர் ஏற.” கோலமாவு என்றே சொல்லியிருக்கலாம்.

விரல்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது. விரல்களை மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. அதனால் ஒரு மணி நேரம் தொங்கினால் முன்கை கல்லாக இறுகிவிடும். அந்த நாட்களில் என்னால் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருக முடியாது. தோசைக் கரண்டியைத் தூக்க முடியாது. இரண்டாவதை நான் உடனே சரிசெய்துகொள்ள முயலவில்லை. கணவர் தோசை வார்க்கப் பழகிவிட்டார். வட்டம் இன்னும் வரவில்லை. சில நாள் கர்நாடகா, சில நாள் ஆஸ்திரேலியா.

எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் அங்குள்ள ஜனங்கள். வெளியுலகில் நான் 20 வருட அனுபவமுள்ள கணக்குத் தணிக்கையாளர். தெரியாது என்று சொல்லச் சம்பளம் கிடைக்காது. இங்கே நான் விழுந்ததும், முன்பின் தெரியாத நாலு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு கவலையோடு கூடிவிடுவார்கள். “குதிகாலை அந்த விளிம்பில் மாட்டிப் பாருங்கள்.” “இல்லை, இடுப்பைச் சுவர் பக்கம் திருப்பினால் கை தானாக நீளும்.” காற்றில் கை கால்களை அசைத்து, ஏறாமலே ஏறிக் காட்டுவார்கள். ஒரு பத்து வயதுச் சிறுமி என் பாதையில் ஐஸ்கிரீம் குச்சியை வாயில் வைத்துக்கொண்டே ஏறி இறங்கிவிட்டு, “ரொம்ப ஈஸி ஆன்ட்டி, பயப்படாமப் போங்க” என்று ஊக்கம் தந்தாள். வாரக்கணக்கில் முட்டி மோதி, இன்னும் ஒரே ஒரு பிடிதான் பாக்கி என்ற நிலையில் ஒரு நாள் போனால் சுவர் காலியாக இருக்கும். பழைய பாதைகளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது அங்கே வழக்கம்.

போளூரில் இருக்கும் அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். ஏறும்போது மோதிரம், வளையல் எதுவும் கூடாது. மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலே போய்விடும். வீடியோ அழைப்பில் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டார். விஷயம் வெளியே வந்தது. அம்மா பதறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மேல இன்னா சாமிடி இருக்குது?”

“சாமியெல்லாம் இல்லம்மா.”

“அப்புறம் எதுக்கு ஏர்ற?”

அம்மாவுக்கு மலையேற்றம் புதிதில்லை. பக்கத்திலிருக்கும் பர்வதமலைக்குப் பௌர்ணமிதோறும் போய்வந்தவர். அந்த மலையில் பாறையில் அறைந்த கடப்பாரைகளை மிதித்தும் சங்கிலியைப் பிடித்தும் ஏற வேண்டிய இடங்கள் உண்டு. இதையே ஐரோப்பாவில் செய்தால் தலைக்கவசம், இடுப்பு வார், காப்பீடு எல்லாம் வேண்டும். அம்மாவிடம் இருந்தது தேங்காய், கற்பூரம், ஒரு டார்ச் லைட். உச்சியில் மல்லிகார்ஜுனர் இருக்கிறார், ஆகவே ஏறுகிறோம் என்பது அவருடைய கணக்கு. நான் விடவில்லை. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகைக்குப் போகப் பாறையில் ஏழு குழிகள் வெட்டியிருக்கிறார்கள், 2,000 ஆண்டுக்கு முன்னாலேயே சமணத் துறவிகள் அங்கே ஏறியிருக்கிறார்கள் என்றேன். “அவங்களுக்காவது மேல படுக்கை இருந்துது” என்றார் அம்மா. பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கற்படுக்கைகளைப் பார்த்தவர் அவர்.

அடுத்த மாதம் பெங்களூர் வந்தபோது நேரிலேயே பார்த்துவிட வேண்டுமென்றார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஒரு மஞ்சள் பாதையில் தொங்குவதைச் சிறிது நேரம் கவனித்தார். அப்புறம் கூடமே கேட்கும்படி சொன்னார்: “கையாலயே ஏன்டி இழுத்துக்கினு தொங்கற? ஆண்டவன் காலு எதுக்குக் குடுத்தான்? காலை ஊனி எழுந்திரு!”

பயிற்சியாளர் மாதக்கணக்காக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கையை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், கால்களால் தள்ளுங்கள், பெரிய தசைகள் இருப்பது அங்கேதான் என்று. அவர் சொன்னபோது அது நுட்பம். அம்மா சொன்னபோது அது திட்டு. என் கால்கள் சிறுவயது முதலே திட்டுக்குத்தான் பழகியிருந்தன. தாமாகவே எழுந்து நின்றுவிட்டன. கை கடைசிப் பிடியில் இருந்தது. கைதட்டல் முழுக்க அம்மாவுக்குப் போனது. அதன்பின் இரண்டு இளைஞர்கள் தங்கள் பாதையையும் ஒரு முறை பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஸ்டூல் மேல் நின்று பரணிலிருந்து அண்டா இறக்கியவர். சமநிலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

சுவரில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஹம்பிக்குப் போக வேண்டும். கிறிஸ் ஷார்மா அங்கே ஏறியதைக் காட்டும் ‘பில்கிரிமேஜ்’ படம் 2003-இல் வந்ததிலிருந்து உலகமே வருகிறது. குளிர்காலத்தில் நாங்கள் ஆறேழு பேர் மடித்த மெத்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு ரயிலேறினோம். எதிர் இருக்கைப் பெரியவர், “மெத்தை என்ன விலை?” என்றார். சொன்னோம். “இலவம்பஞ்சா?” “இல்லை, ஃபோம்.” “அந்த விலைக்குக் கட்டிலும் சேர்த்துத் தரணும்” என்றார்.

துங்கபத்திரைக்கு அக்கரையில் ஆனேகுந்தி. இராமாயணத்துக் கிஷ்கிந்தை அதுதான் என்பது நம்பிக்கை. அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி மலையும் அங்கேதான். ஆகவே நீங்கள் ஏறுவதை மேற்பார்வையிடத் தகுதியுள்ளவர்கள் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில், மண்டபம் எதையும் தொடக் கூடாது. ஊருக்கு வெளியே பாறைகளுக்கா பஞ்சம்? ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதான கிரானைட். அதில் யாரும் நிறம் பூசிவைக்கவில்லை; எதைப் பிடிப்பது என்று நாம்தான் தேட வேண்டும். வெயிலேறினால் கை வியர்த்து வழுக்கும் என்பதால் விடிகாலையிலும் அந்தியிலும்தான் ஏற்றம். சொரசொரப்பு விரல் தோலைச் சீவி எடுத்துவிடுகிறது. திரும்பி வந்த வாரம் அலுவலக வாசலிலிருந்த கைரேகை இயந்திரம் என்னை யாரென்று தெரியாது என்றது.

அங்கே ஒரு பாறையோடு நான் ஒரு மாலை முழுவதும் போராடினேன். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் நின்று பார்த்தான். நான் ஏறினேன், விழுந்தேன், மூச்சு வாங்கினேன், மறுபடி ஏறினேன். ஒருவழியாக முழங்கையை ஊன்றி, வயிற்றைத் தேய்த்து, எழுத்தில் வர்ணிக்கத் தகாத ஒரு நிலையில் உச்சியில் புரண்டு எழுந்தேன். அவன் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு. பக்கத்தில் இரண்டு ஆடுகள். பின்பக்கத்தைக் கை காட்டி, மனம் நொந்து, கன்னடத்தில் சொன்னான்: “அந்தப் பக்கம் வழி இருக்கே, யாரும் உங்களுக்குச் சொல்லலையா?”

அவனுக்கு என்ன பதில் சொல்வது? அநேகப் பாறைகளுக்குப் பின்பக்கம் சுலபமான வழி உண்டு. நாங்கள் இறங்குவதே அதில்தான். பள்ளிக்கூட அட்மிஷனோ, சாமி தரிசனமோ, ரயில் டிக்கெட்டோ, எதற்கும் நம் வீட்டில் எழும் முதல் கேள்வி, “அங்கே நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்பதுதானே. கொல்லைப்புற வழியைக் கண்டுபிடிப்பதில் பாதி ஆயுள் போகிறது. கண்டுபிடித்தவரைச் சாமர்த்தியசாலி என்கிறோம். இந்த ஒரு விஷயத்தில்தான் அந்த வழி எல்லார் கண்ணுக்கும் தெரிய, இலவசமாக, கூட்டமில்லாமல் கிடக்கிறது. அதில் போனால் ஏறியதாகக் கணக்கில்லை. உலகத்தில் யாருக்கும் பயனில்லாத இந்த ஒரு நேர்மையைக் கடைப்பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

இரவு அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மேலே ஆட்டுப் புழுக்கை இருந்ததையும் மறைக்கவில்லை. அம்மா, பின்பக்க வழி எப்படி இருக்கும், படி உண்டா, முள் உண்டா என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “அடுத்த தபா நானும் வரேன். நீ முன்பக்கமா ஏறு, நான் பின்பக்கமா வரேன். யாரு மொதல்ல போறதுன்னு பாத்துடலாம். நீ தோத்தா பர்வதமலைக்கு வரணும்.”

விஷயம் கூடத்தில் பரவிவிட்டது. பயிற்சியாளர் உட்பட எல்லோரும் அம்மா மேல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தணிக்கையாளர் என்ற முறையில் இருபக்கக் கணக்கையும் பார்த்துவிட்டு, நானும் அம்மா மேலேயே கட்டியிருக்கிறேன்.