எத்தனை வாட்ஸ் போதும்?

கேள்வி: பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், கீபோர்டு என்று ஐந்து பேர். கல்யாணக் கச்சேரிகளுக்குப் போகிறோம். சொந்தமாக மைக் செட் வாங்க ஆசை. எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பந்தி பரிமாறும் சத்தத்தை ஜெயிக்கிற வாட்ஸ் எந்தக் கடையிலும் கிடையாது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு லேசாகத் தெரியும், பர்ஸுக்கு நன்றாகவே தெரியும். பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 5000’ என்றிருந்தால், ‘தொடர்ந்து தரும் நிஜ வாட்ஸ், அதாவது ஆர்.எம்.எஸ். எவ்வளவு?’ என்று கேளுங்கள். கடைக்காரர் உடனே டீ சொல்லியனுப்புவார்.

நடுத்தர மண்டபத்துக்கு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு போதும். தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் தலைக்கு மேலே ஏற்றுங்கள். மிக்ஸரில் எட்டு மைக்காவது செருக இடம் வேண்டும். ஐந்து பேர்தானே என்று கணக்குப் போடாதீர்கள், மிருதங்கக்காரர் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று கேட்பார்.

‘கூ’வென்ற ஊளைதான் பெரிய தலைவலி. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து நிற்கட்டும். பாட்டுக்கு கார்டியாய்டு மைக் வாங்குங்கள். அதற்குப் பின்பக்கம் காது மந்தம். பாடகர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரை அந்தப் பக்கமே வையுங்கள். பாடகர் ஸ்டைலுக்காக மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் அந்த மந்தம் போய்விடும், ஊளை திரும்பிவிடும். அவர் கையை எடுத்துவிட மிக்ஸரில் பட்டன் இல்லை.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அறுந்தால் தாலி கட்டும் நேரத்தில்தான் அறும்.